குவிமாடத்துக்கு இந்தப் பக்கம்: ஜவ்வாது மலை நாட்குறிப்பு

ஏப்ரல் 20

காவலூர் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடத்தை, நான் அறிவியல் செய்துகாட்ட வந்திருக்கும் இந்த மாணவர் விடுதிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் போக வர பஸ்ஸிலிருந்து பார்ப்பதுதானே. "உள்ள என்ன இருக்கு?" என்றேன். "ராக்கெட்டு சார்" என்றான் ஒருவன். "கரண்ட் ஆபீஸு" என்றாள் இன்னொருத்தி. 1986 முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கி அங்கே நிற்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களும் போகலாம். ஆனால் இருட்டியபின் விடுதியை விட்டு இவர்களை யார் அனுப்புவார்கள்?

ஏப்ரல் 21

பரீட்சைக் காலம், மாலை மட்டும்தான் கிடைக்கிறது. பி.வி.சி. குழாயில் லென்ஸ் பொருத்தித் தொலைநோக்கி செய்தோம். எதிரிலிருந்த புளியமரம் தலைகீழாகத் தெரிந்ததும் ஒரே கூச்சல்.

ஏப்ரல் 22

இன்றைக்கு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தது. கோள் வருவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சட்சட்டென்று மங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகத்துக்குத் தெரியவந்தது அந்த மறைப்பில்தான். அதைப் பதிவு செய்தவர்களில் காவலூர் வானாய்வகத்துக்காரர்களும் உண்டு. இதை வாயால் சொன்னால் கொட்டாவிதான் வரும். அதனால் அறையை இருட்டாக்கி, டார்ச்சுக்கு எதிரே ஓர் ஒளி உணரியை வைத்து மல்டிமீட்டரில் இணைத்தேன். ஒளி குறைந்தால் அதில் எண் ஏறும். பந்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையலைக் கம்பியால் கட்டி, டார்ச்சின் முன்னால் மெதுவாக நகர்த்தினான் ஒரு பையன். எண் ஒருமுறை துள்ளியது, இறங்கியது. பந்து வந்ததும் எகிறி, மறுபடி இறங்கியது. கடைசியில் இன்னொரு சின்னத் துள்ளல்.

ஏழாவது படிக்கும் பெண் நோட்டில் எண்களை எழுதிக்கொண்டே கேட்டாள்: "முன்னாடியும் பின்னாடியும் ஒரே தூரத்துல வந்தா வட்டம். ரெண்டும் வேற வேற தூரம்னா, ரெண்டு நிலாவா சார்?" அன்றைக்கு வானியலாளர்களும் இதைத்தான் யோசித்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 23

நிழலில்லா நாள். இந்த மலை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12.6 டிகிரியில், சூரியன் இன்று நேர் உச்சி. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் உச்சிப்பொழுது 12.13க்குத்தான். குழாயை நட்டோம். "சாஞ்சிருக்கு" என்றான் ஒருவன். அவன் அப்பா பெங்களூருவில் கொத்தனார். கயிற்றில் கல்லைக் கட்டித் தூக்குக்குண்டு செய்து, அவனே நிமிர்த்தினான். நிழல் குழாயின் அடிக்குள் போய்விட்டது.

இரவு வியாழனின் நிலாக்கள். ஓரத்தில் ஊதா கசிந்தாலும் தெரிந்தன.

ஏப்ரல் 25

போன மாதம் யாரோ ரோபோ கொண்டுவந்து ஒருநாள் முகாம் நடத்தி, படம் எடுத்துக்கொண்டு, ரோபோவையும் எடுத்துக்கொண்டு போனார்களாம். தொலைநோக்கியையும் மல்டிமீட்டரையும் நான் விட்டுவிட்டுத்தான் வந்தேன். பீரோவில் பூட்டிப் பத்திரமாக வைக்கிறேன் என்றார் காப்பாளர். சாவி அந்த ஏழாவது பெண்ணிடம் இருக்கட்டும் என்றேன். உடைந்தால் வேறு வாங்கித் தருவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.