புறாக்கூடும் சர்க்கரை இல்லாத டீயும்

மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுக்கு, அதாவது துறைமுகத்துக்கு வரும் சரக்கைக் கஸ்டம்ஸில் காட்டி வெளியே எடுத்துத் தரும் ஆபீசுக்கு, நான்தான் கம்ப்யூட்டர் ஆள். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் நான், வைஃபை போனாலும் நான், மெயில் சர்வரும் நான். அந்த சர்வர் பரணில், பழைய பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக் காகிதம்) கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. எப்போதாவது ஏறித் தூசு தட்டுவேன். மற்றபடி அது என்னைத் தொந்தரவு செய்ததில்லை, நானும் அதை.

அதில் ஓடுவது டவ்காட், வந்த மெயிலை வைத்திருந்து பாஸ்வேர்டு பார்த்து அவரவருக்குக் கொடுக்கும் மென்பொருள். பெயருக்குப் புறாக்கூடு என்று அர்த்தம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே மூன்று மொட்டை மாடிகளில் நிஜப் புறாக்கூடு உண்டு. பந்தயப் புறா வளர்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன், "கூட்ட மாத்துனா புறா ரெண்டு நாளைக்கு உள்ள வராது தம்பி" என்பார். அதை அப்போதே சகுனமாக எடுத்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி சர்வரின் இயங்குதளத்தை டெபியன் 12-லிருந்து 13-க்கு ஏற்றினேன். அதோடு சேர்ந்து டவ்காட் 2.3 போய் 2.4 வந்தது. புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்தானே, பத்து நிமிட வேலை என்று டீ கூட வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

2.4 என் பழைய கான்ஃபிக் ஃபைலை, அதாவது எப்படி வேலை செய்ய வேண்டும் என்று நான் எழுதி வைத்த ஃபைலை, கையால் தொடவே மறுத்தது. இது எந்த வெர்ஷனுக்காக எழுதியது என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டுமாம். கஸ்டம்ஸில் ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி-இறக்குமதிக்காரரின் அடையாள எண்) இல்லாத காகிதத்தை நீட்டினால் ஒரு பார்வை பார்ப்பார்களே, அதே பார்வை. சரி, எழுதினேன். அடுத்து, மெயில் எங்கே இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லி வந்ததை, என்ன வகை, எந்தப் பாதை என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னது. சர்டிஃபிகேட் வரிக்கு வேறு பெயர். பயனர் பெயருக்கு விழுக்காட்டுக் குறி போட்டு 'யு' என்று ஓர் எழுத்து எழுதினால் போதும் என்றிருந்தது, இனி அடைப்புக்குறிக்குள் 'யூசர்' என்று முழுசாக எழுத வேண்டும். பாஸ்வேர்டை யாரிடம் போய்ச் சரிபார்ப்பது என்ற பகுதிக்குக்கூட, பிறந்த குழந்தைக்கு வைப்பதுபோல் ஒரு பெயர் வைத்தாக வேண்டும்.

ஒவ்வொரு தப்பாக அது சொல்ல, ஒவ்வொரு பெயராக நான் மாற்ற, மணி ஒன்றரை. அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது, கைதான் செய்யும். அப்படிக் கையே செய்த ஒரு வேலை: 'டிசேபிள் பிளெயின்டெக்ஸ்ட் ஆத்' என்ற பெயரை எடுத்துவிட்டு, அதன் புதுப் பெயரான 'ஆத் அலோ கிளியர்டெக்ஸ்ட்' என்பதைப் போட்டேன். எதிரில் இருந்த 'நோ' அப்படியே இருந்தது.

சர்வரிலிருந்தே லாகின் செய்து பார்த்தேன், உள்ளே விட்டது. என் போனில் பார்த்தேன், வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். ஞாயிறு காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கினேன். வாழ்க்கை அழகாகத்தான் இருந்தது.

திங்கள் காலை மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தமான மண்ணடியில் இறங்குவதற்குள் ஏழு மிஸ்டு கால். எல்லாம் கணக்கு அண்ணன். ஆபீசில் எல்லாருக்கும் மெயில் வருகிறது, அவருக்கு மட்டும் பாஸ்வேர்டு கேட்டுக் கேட்டு நிற்கிறது. அவருக்குத்தான் ஷிப்பிங் லைனிலிருந்து, சரக்கை எடுத்துக்கொள்ளலாம் என்ற டெலிவரி ஆர்டர் வர வேண்டும். ஒரு கன்டெய்னருக்கு அன்றோடு ஃப்ரீ டைம், அதாவது கட்டணமில்லாத நாட்கள், முடிகிறது, அப்புறம் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

"இன்னா தம்பி, என்னை மட்டும் வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?" என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜமான பயம்.

அவருடைய கம்ப்யூட்டர் பெட்டி விண்டோஸ் 7. அதிலுள்ள மெயில் மென்பொருளுக்கு, பாஸ்வேர்டைப் பூட்டி அனுப்பும் முறையான டி.எல்.எஸ். 1.2 தெரியாது, டவ்காட் அதற்குக் கீழே பேசாது. அதனால் அவருக்கு மட்டும் 143-ஆம் போர்ட்டில் (சர்வரின் வாசல்களில் ஒன்று), பூட்டு இல்லாமல் பாஸ்வேர்டு போகும்படி எப்போதோ நானே ஏற்பாடு செய்திருந்தேன். செய்ததை மறந்தும் போயிருந்தேன்.

அப்போது டீ வந்தது. கடையில் புதுப் பையன். ஒரு வாய் குடித்த அண்ணனின் முகம் கோணியது.

"இன்னாடா இது, சக்கரையே இல்ல?"

"நீங்கதான சார் வேணாம்னீங்க."

பழைய மாஸ்டர் தினமும் அவரை வம்புக்கு இழுப்பார்: "சக்கரைய கட் பண்ணிடவாண்ணே?" இவர் லெட்ஜரிலிருந்து தலையைத் தூக்காமல் "வேணாம்" என்பார். சர்க்கரை விழும். புதுப் பையனுக்கு இந்த வரலாறு தெரியாது. அவன் நேராக, "சக்கரை போடவா சார்?" என்று கேட்டிருக்கிறான். இவர் பழக்கத்தில் அதே "வேணாம்".

நான் டம்ளரை வைத்துவிட்டு, சர்வர் நடந்ததை எல்லாம் குறித்து வைக்கும் லாகைத் திறந்தேன். அனுமதியில்லாத முறையில் பாஸ்வேர்டு அனுப்பப் பார்த்ததாக அண்ணன் பெட்டியின் ஐ.பி. முகவரி வரிசையாக நிற்கிறது. பூட்டில்லாத பாஸ்வேர்டைத் 'தடுக்கவா?' என்று கேட்ட பழைய டவ்காட்டுக்குச் சொன்ன 'நோ'வையே, 'விடவா?' என்று கேட்கும் புது டவ்காட்டுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லாம் 993-ஆம் போர்ட்டில் பூட்டோடு வருகிறவர்கள், அவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. சர்வருக்குள்ளேயே இருந்து வருகிறவரை அது வீட்டு ஆளாகப் பார்க்கும், அதனால்தான் என் ராத்திரிச் சோதனையும் பாஸ்.

எல்லாருக்கும் 'யெஸ்' போடுவது ஒரு நொடி வேலை. ஆனால் பாஸ்வேர்டைத் தந்திக் கம்பியில் துணி காயப்போடுவதுபோல் ஊருக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மட்டும் 'யெஸ்' என்று எழுதி, டவ்காட்டை ரீலோட் செய்தேன். அண்ணனுக்குப் புதுப் பெட்டி வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். அது எந்த வெர்ஷனிலும் ஒரே அர்த்தம்தான்.

மெயில்கள் கடகடவென்று இறங்கின. டெலிவரி ஆர்டரும் நடுவில் இருந்தது. அண்ணன் புது டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"இனிமே இப்படி ஆவாதுல்ல?"

"ஆமாண்ணே."

டம்ளர் பாதி வழியில் நின்றது. "ஆமான்னா? ஆவுமா?"