இலை மட்டும் செழிக்கும் குண்டுமல்லியைப் பூக்க வைக்க

செடி தளதளவென்று நிற்கும், ஒரு மொட்டுகூட இருக்காது. குண்டுமல்லி வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. உடனே உரத்தைத் தூக்காதீர்கள், துளிரின் நுனியைப் பாருங்கள். புதுத் துளிரின் நுனியில்தான் மல்லி மொட்டு கட்டும், பெரும்பாலும் மூன்று மூன்றாக. நடுமொட்டு முதலில் பருக்கும், பக்கத்து இரண்டும் பின்னால் வரும். முற்றிய பழைய கிளை எத்தனை இருந்தாலும் பூவுக்கு உதவாது.

அதனால் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதுதான் முதல் வேலை. குளிர்காலத்தில் வளர்ச்சி மந்தமாகும்போது சில நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு, எல்லாக் கிளைகளையும் தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். காய்ந்த குச்சி, உள்பக்கம் குறுக்கே ஓடும் கிளை ஆகியவற்றை அடியோடு எடுங்கள். மொட்டையாகத் தெரியும், மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள். உறைபனி விழும் ஊரானால் பனி முடிந்த பிறகு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் இளந்துளிர் கருகிவிடும். பிறகு ஒவ்வொரு முறை பூத்து ஓய்ந்ததும் நுனியில் இரண்டு கணு கிள்ளினால் போதும்.

வெயில் குறைந்தது 6 மணி நேரம் நேராக விழ வேண்டும். நிழலில் தண்டு மெலிந்து நீளும், மொட்டு வராது.

புதிதாக நடுவதானால் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 30 செ.மீ. இருக்கும் குழியில் 10 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து, செடிக்குச் செடி 1.25 மீட்டர் விடுங்கள். களிமண்ணானால் மணல் கலந்து மேடாக்கி நடுங்கள். தேங்கும் தண்ணீரை மல்லி வேர் தாங்காது.

தரையில் வளர்ந்த செடிக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிராம், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) தலா 120 கிராம். இது சத்தின் எடை, உர மூட்டையின் எடை அல்ல. கவாத்து முடிந்ததும் பாதி, ஆறு மாதம் கழித்து மீதி. தழைச்சத்து மற்ற இரண்டிலும் பாதிதான் என்பதைக் கவனியுங்கள். தழைச்சத்து உரமான யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் வரும். தொட்டிச் செடிக்கு இந்த அளவு ஆகாது. மாதம் ஒரு பிடி மண்புழு உரம் போதும்.

இலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள். இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளியுங்கள். அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறையோ தண்ணீர்த் தேக்கமோ இருக்கும்.

வெயில் காலத்தில் இலையைத் திருப்பிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மேலே வெளிர்ப்புள்ளி, அடியில் மெல்லிய நூலாம்படை என்றால் சிலந்திப்பேன். அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு குறையும். அடங்காவிட்டால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளியுங்கள். உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும்.

மொட்டில் ஓட்டை இருந்தால் உள்ளே மொட்டுப்புழு இருக்கும். மொட்டின் அடி வீங்கி, ஊதா நிறமாகி, விரியாமல் காய்ந்தால் அது மொட்டு ஈ. இரண்டுக்கும் கெட்ட மொட்டைத் தினமும் பறித்து அழியுங்கள், செடியடியில் விட வேண்டாம். மொட்டு ஈ கூட்டுப்புழுவாவது மண்ணில்தான், அதனால் செடியைச் சுற்றி மேல்மண்ணை அடிக்கடி லேசாகக் கொத்திவிடுங்கள்.