மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருந்த ஆய்வு

"தண்ணீர் இல்லாமல் உயிர்கள் வாழ முடியாது."

இன்று மாலை ஆங்கில ஆய்வெழுத்து வகுப்பில் ஒரு வேதியியல் மாணவியின் கட்டுரை இப்படித்தான் தொடங்கியது. அவருடைய ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை. ஆனால் திருப்பூர்ச் சாயக்கழிவில் நிறத்தைப் பிரிக்க அவர் கண்ட வழி, மூன்றாம் பக்கத்தில்தான் தலைகாட்டியது.

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

"எல்லாத்தையும் விளக்கிட்டு அப்புறம் சொல்லணும்ல சார்?"

மிச்சிகன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ், 1990-இல் ஆய்வு முன்னுரைகளுக்கு மூன்று நகர்வுகளை, அதாவது அடுத்தடுத்த படிகளைச் சொன்னார். இந்தத் துறை ஏன் முக்கியம், இதுவரை என்ன தெரியும்? அதில் எது விடுபட்டிருக்கிறது? அந்த இடத்தில் என் ஆய்வு என்ன செய்கிறது? பலகையில் எழுதிப்போட்டேன்.

எல்லோரும் இரண்டாவதில் நின்றுவிட்டார்கள்.

"பெரிய பேராசிரியர் செஞ்சதுல குறை இருக்குன்னு நான் எப்படி சார் எழுத முடியும்?" என்றார் ஒருவர்.

இது ஆங்கிலத்தின் சிக்கலே இல்லை. பத்து வயதிலிருந்து கேள்வி கேட்காமல் உட்காரப் பழக்கிவிட்டு, முனைவர் பட்டத்தில் வந்து "மறுத்து எழுது" என்கிறோம்.

2019 இறுதியில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), ஆய்வு நெறிமுறைப் பாடத்தை முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியது. நல்லதுதான். பிறர் எழுத்தைத் திருடக் கூடாது என்று அதில் கற்கிறார்கள். பிறரோடு மரியாதையாக முரண்பட எங்கே கற்பார்கள்?

அடுத்த வகுப்புக்கு மாணவர்களின் ஆய்வு வழிகாட்டிகளையும் அழைக்கலாமா என்று யோசிக்கிறேன். வருவார்களா என்பது வேறு கதை.