ஒரு பிழைச்செய்தியைத் திருத்தப் போய்: சிபைத்தான் மூலநிரலில் ஆறு வார இறுதிகள்

பைத்தானில் நிரல் எழுதத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியும், அந்த மொழியை இயக்கும் சிபைத்தானின் மூலநிரலை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. திறக்க வைத்தது ஓர் எரிச்சல்தான். சி மொழியில் எழுதப்பட்ட மாட்யூல் ஒன்றில், ஒரு பட்டியலை வாங்கி அதன் ஒவ்வோர் உறுப்பையும் மாற்றித் தரும் சிறிய ஃபங்ஷன் இருக்கிறது. பட்டியலில் பொருந்தாத உறுப்பு ஒன்று இருந்தால் மதிப்பு தவறு என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். அது எத்தனையாவது உறுப்பு, என்ன வகையைச் சேர்ந்தது என்பதைச் சொல்லாது. அந்த இரண்டு விவரங்களையும் செய்தியில் சேர்ப்பது நான்கு வரி வேலை என்று கணக்குப் போட்டேன். வரிக் கணக்கு ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. நாள் கணக்குதான் தவறிப்போனது.

முதல் வார இறுதி முழுவதும் மூலநிரலை ஓடக்கூடிய பைத்தானாகக் கட்டியெழுப்பும் கட்டமைப்பிலேயே போயிற்று. மூலநிரல் களஞ்சியம் 2017 முதல் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் இருப்பதால் பிரதி எடுப்பதில் சிரமம் இல்லை. கட்டுவதற்கு முன்னால் அமைப்புகளைத் தீர்மானிக்கும் கன்ஃபிகர் படியில், பைடீபக் விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதனால் கிடைக்கும் பைத்தான் மெதுவாக ஓடினாலும், உள்ளே நடக்கும் தவறுகளைச் சத்தம்போட்டுக் காட்டிக்கொடுக்கும். மேக் கணினியில் கட்டியவர்கள் முடிவில் விண்டோஸ் பாணியில் ‘பைத்தான்.இஎக்ஸ்இ’ என்ற கோப்பைக் கண்டு திகைப்பதுண்டு, நானும் திகைத்தேன். மூலநிரலிலேயே ‘பைத்தான்’ என்றொரு கோப்புறை இருப்பதாலும், அங்கே வழக்கமான கோப்பு முறைமை பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தாததாலும், பெயர் மோதாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

எதையும் தொடுவதற்கு முன்னால் சோதனைத் தொகுப்பை ஒருமுறை முழுமையாக ஓட்டி, தோற்றவற்றைக் குறித்து வைத்தேன். இணைப்பு சார்ந்த சோதனை ஒன்று என் கணினியின் அமைப்பினால் தோற்றது. குறித்து வைக்காமல் இருந்திருந்தால், பின்னால் அந்தத் தோல்விக்கும் என் திருத்தமே காரணம் என்று நினைத்து இரண்டு நாள்களை வீணாக்கியிருப்பேன்.

இரண்டாம் வாரத்தில் திருத்தத்தை எழுதினேன். சுழற்சிக்குள் தவறான உறுப்பு தென்பட்டதும், அதன் இடத்தையும் வகையின் பெயரையும் சேர்த்துப் பிழையை எழுப்பி, ‘நல்’ (சி மொழியில் எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) என்று திருப்பி அனுப்பும்படி செய்தேன். செய்தி அழகாக வந்தது; சோதனைகள் எல்லாம் தேறின. மேம்பாட்டாளர் வழிகாட்டியில் படித்திருந்த ஒரே காரணத்தால் ‘-ஆர் 3:3’ என்று சேர்த்து இன்னொரு முறை ஓட்டினேன். இது அதே சோதனையை முதலில் மூன்று முறை ஓட்டி நிலைப்படுத்திவிட்டு, அடுத்த மூன்று ஓட்டங்களில் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை கூடுகிறதா என்று அளந்து பார்க்கும். வந்த விடை: 2, 2, 2, கூட்டுத்தொகை 6. மூன்று முறையும் ஒரே எண் வந்தால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. நினைவகக் கசிவு உறுதி: எதையோ விடுவிக்காமல் விட்டிருக்கிறேன்.

சிபைத்தானில் ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைத் தன்னிடமே வைத்திருக்கிறது. அது பூஜ்யமாகும்போதுதான் நினைவகம் விடுவிக்கப்படும். சி நிரலில் இந்தக் கணக்கைக் கையால்தான் எழுதியாக வேண்டும். நான் ‘நல்’ திருப்பிய இடத்தில் இரண்டு பொருள்கள் என் கையில் இருந்தன: உள்ளே வந்த பட்டியல் ஒன்று, விடைக்காகப் புதிதாக உருவாக்கிய பட்டியல் மற்றொன்று. இரண்டையும் விடாமல் வெளியேறியிருந்தேன். சோதனையில் பட்டியலின் ஒரே உறுப்பாக ‘நன்’ (பைத்தானில் ‘மதிப்பு இல்லை’ என்பதைக் குறிக்கும் பொருள்) என்பதைக் கொடுத்திருந்தேன், பைத்தான் 3.12 முதல் அது அழியாப் பொருளாகி, அதன் எண்ணிக்கை மாறாமல் நிற்பதால் அது கணக்கில் வரவில்லை. ஆக, மிஞ்சிய 2 அந்த இரண்டு பட்டியல்களுக்கு உரியது. அந்த ஃபங்ஷனின் அடியில் எல்லாவற்றையும் விடுவிக்கும் ‘எரர்’ என்று பெயரிட்ட பகுதி ஏற்கெனவே இருந்தது. நிரலின் ஓட்டத்தை வேறிடத்துக்குத் தாவவைக்கும் ‘கோட்டோ’ கட்டளையைப் போட்டு அங்கே குதித்திருந்தால் போதும். கோட்டோவைத் தீண்டத்தகாததாகக் கற்றுக்கொடுத்த பாடங்கள் எல்லாம் இந்த மூலநிரலில் செல்லுபடியாகாது. சி மொழியில் இதைவிடத் தெளிவான வழியை நான் காணவில்லை.

கோட்டோவைப் போட்டதோடு நிறுத்தியிருக்கலாம். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று, அப்போது கையாளப்படும் உறுப்பின் எண்ணிக்கையையும் அந்த இடத்தில் ஒன்று குறைத்து வைத்தேன். முதல் உறுப்பே தவறாக இருந்தபோது இது ஒழுங்காக ஓடியது. மூன்றாவது உறுப்பு தவறாக இருந்தபோது, எண்ணிக்கை எதிர்மறையாகிவிட்டது என்ற அறிவிப்போடு பைத்தான் அப்படியே விழுந்தது. பிழைதேடும் கருவியான டீபக்கரில் திறந்து பார்த்தால், அந்தப் பொருள் இருந்த நினைவகம் முழுக்கப் பதினறும எண்முறையில் டிடி, டிடி, டிடி என்று நிரம்பிக் கிடந்தது. விடுவித்த நினைவகத்தை டீபக் கட்டமைப்பு இப்படித்தான் நிரப்பிவைக்கும். செத்த பொருளை மறுபடி தொட்டிருக்கிறோம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். காரணம், பட்டியலின் ஓர் இடத்தில் உறுப்பை வைக்கும் பைலிஸ்ட்_செட்ஐட்டம் என்ற ஃபங்ஷன். அது தனக்குக் கொடுக்கப்படும் உறுப்பின் உரிமையை, அதாவது அதை விடுவிக்கும் பொறுப்பை, எடுத்துக்கொள்கிறது. ஆவணங்களே அதைத் ‘திருடுகிறது’ என்றுதான் எழுதுகின்றன. முந்தைய சுற்றின் உறுப்பைப் பட்டியலிடம் ஒப்படைத்த பிறகும் என் மாறி அதையே சுட்டிக்கொண்டிருக்க, இனி எனக்குச் சொந்தமில்லாத ஒன்றை நான் விடுவித்திருந்தேன். பட்டியலின் முடிவில் உறுப்பைச் சேர்க்கும் பைலிஸ்ட்_அப்பெண்ட் இப்படி எடுத்துக்கொள்வதில்லை என்பது இன்னும் வேடிக்கை. சேர்த்த வரியை அழித்ததும் ‘-ஆர்’ ஓட்டம் சுத்தமாக முடிந்தது.

ஃபங்ஷனின் விளக்கக் குறிப்பான டாக்ஸ்ட்ரிங்கிலும் ஒரு சொல்லை மாற்றியிருந்தேன். அது இருந்தது ஆர்க்யுமெண்ட் கிளினிக் என்ற கருவி தானாக உருவாக்கிய கோப்பில் என்பதை அறியாமல் நேரடியாக அதிலேயே கை வைத்துவிட்டேன். கோப்புகளை மறுபடி உருவாக்கி ஒப்பிடும் தானியங்கிச் சோதனை உடனே பிடித்துவிட்டது. மூலக் கோப்பின் குறிப்புரையில் மாற்றி, ‘மேக் கிளினிக்’ ஓட்டிச் சரிசெய்தேன்.

சிபைத்தான் குழுவுக்கு அனுப்பிய திருத்தத்தின் மறுஆய்வில் வந்த முக்கியமான மறுப்பு நான் எதிர்பாராதது. செய்தியைத் திருத்தும்போதே, பிழையின் வகை வால்யூஎரர் (மதிப்புப் பிழை) என்று இருந்ததை டைப்எரர் (வகைப் பிழை) என்று மாற்றியிருந்தேன். தவறு வகையைப் பற்றியது என்பதால் அதுவே பொருத்தம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் வால்யூஎரரைப் பிடித்துச் சமாளிக்கும்படி எழுதப்பட்ட வெளி நிரல்கள் எத்தனை என்று யாராலும் எண்ண முடியாது. அவையெல்லாம் ஒரே நாளில் உடைந்துவிடும். பழைய நிரல்கள் உடையாமல் காக்கும் பின்னோக்கிய இணக்கத்துக்கான பெப் 387 (பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு), இணக்கத்தை உடைக்கும் மாற்றத்துக்கு முன்னால் குறைந்தது இரண்டு வெளியீடுகளில் எச்சரிக்கை கொடுக்கச் சொல்கிறது; 3.9 முதல் ஆண்டுக்கு ஒரு வெளியீடு என்பதால், அது இரண்டு ஆண்டுக் காத்திருப்பு. ஒரு சொல் பொருத்தமாக அமைவதற்காக அவ்வளவு பேரைத் தொந்தரவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. பழைய வகையையே வைத்துக்கொண்டேன். செய்தியின் வாசகத்தை மாற்றுவதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இருந்தும், பழைய வாசகத்தை எழுத்துக்கு எழுத்து எதிர்பார்த்த சோதனை ஒன்றை வேறொரு கோப்பில் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

திருத்தம் ஐந்தாம் வாரத்தில், அடுத்த வெளியீடு உருவாகும் முதன்மைக் கிளையில் சேர்ந்தது. இது மேம்பாடு என்பதால் பழைய கிளைகளுக்குப் போகாது. அதே கோப்பின் பக்கத்து ஃபங்ஷனில் வழியில் நான் கண்ட இன்னொரு கசிவு அப்படியல்ல; அது நெடுநாளாக அங்கேயே இருந்த பிழை, ஆகவே பராமரிப்பில் உள்ள கிளைகளுக்கும் போக வேண்டும். பழைய கிளைகளுக்கான பிரதிகளை பாட் (தானியங்கி நிரல்) ஒன்று தானாகவே தயாரித்துவிடும் என்றார்கள். ஒரு கிளைக்கு அப்படியே நடந்தது. மற்றொன்றில் சுற்றியுள்ள வரிகள் வேறாக இருந்ததால் பாட் கைவிரித்துவிட்டது. ஒரு கிளையின் திருத்தத்தை இன்னொன்றுக்கு எடுத்துச்செல்லும் செர்ரி_பிக்கர் கருவியை வைத்து மோதலைக் கையால் தீர்த்தேன்.

அதே கோப்பின் தொடக்கத்தில், மாட்யூலில் ஒரு பொருளைச் சேர்க்கும் பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட் என்ற ஃபங்ஷன் மூன்று இடங்களில் இருக்கிறது. அது வெற்றி பெற்றால் மட்டுமே பொருளின் உரிமையை எடுத்துக்கொள்ளும். தோற்றால் பொருள் நம் கையிலேயே நிற்கும். மூன்று இடங்களிலும் தோல்வியைக் கவனிக்கும் நிரல் இல்லை. 3.10-இல் வந்த பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட்ரெஃப், வென்றாலும் தோற்றாலும் உரிமையைத் தொடாது. இரண்டு இடங்களை அதற்கு மாற்றிவிட்டேன். மூன்றாவதை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.