அட்டைக்கு கிரேக்கத்துல என்ன பேரு

ஏ.எல் பயோ படிச்ச காலத்துல நிறமூர்த்தம், இழைமணின்னு பாடமாக்கியே மண்ட காஞ்சு போச்சு, ஏன் சேர் இப்பிடி ஒரு பேருன்னு கேட்டா "எக்ஸாமுக்கு வராது"ன்னுவாரு. போன வாரம் மழைக்கு லயத்துக்குள்ளயே அடைஞ்சு கெடந்தப்பதான் தேடிப் பார்த்தேன். கிரேக்கத்துல குரோமான்னா நிறம், சோமான்னா உடம்பு, சாயம் போட்டா நல்லா புடிச்சுக்கிதுன்னு 1888ல வால்டையர்ங்கிற ஜெர்மன்காரர் ரெண்டையும் ஒட்டி குரோமோசோம்னு வச்சிருக்காரு, நம்மாளுங்க அதையே நிறம், மூர்த்தம்னு ஒட்டிட்டாங்க. மைட்டோகொண்ட்ரியாவும் அப்பிடித்தான், மைட்டோஸ்னா நூல், கொண்ட்ரியோன்னா சின்ன மணி. இழைமணி! அஞ்சு நிமிசத்துல சொல்லிருக்கலாம் அந்த மனுசன்.

ஆனா கோப்பி இலைல வர்ற பங்கஸ் நோயோட பேர பார்த்ததும்தான் அப்பிடியே உக்காந்துட்டேன். ஹெமிலெயா வாஸ்டாட்ரிக்ஸ். 1869ல இங்க இலங்கைலருந்து போன கோப்பி இலைய வச்சு இங்கிலாந்துல பெர்க்லி, புரூம்னு ரெண்டு பங்கஸ் ஆராய்ச்சிக்காரங்க வச்ச பேரு. ஹெமி பாதி, லெயோஸ் வழுவழுப்பு, அந்த பங்கசோட வித்திய, அதான் ஸ்போர, மைக்ரோஸ்கோப்ல பார்த்தா ஒரு பக்கம் வழுவழுன்னும் மத்த பக்கம் முள்ளு முள்ளாவும் இருக்கும், அதான். வாஸ்டாட்ரிக்ஸ் லத்தீன், பாழாக்குறவ. இதையும் பொம்பள தலையிலதான் போடணுமான்னு கடுப்பாயிட்டேன், பாத்தா ஹெமிலெயா பெண்பாலாம், பின்னால வர்ற சொல்லும் அப்பிடித்தான் வரணுமாம். சரி விடுங்க. பேர் வச்சப்ப முழுசா பாழாகல, அடுத்த இருவது வருசத்துலதான் கோப்பி தோட்டமெல்லாம் போயி தேயில வந்துச்சு, கோப்பிக்குன்னு கூட்டிட்டு வந்த எங்க சனம் கொழுந்து கிள்ள ஆரம்பிச்சுது.

தப்பா வச்ச பேரும் இருக்கு. ஒட்சிசன்னா அமிலத்த உண்டாக்குறது, எல்லா அமிலத்துலயும் அது இருக்குன்னு பேர் வச்ச லவாய்சியர்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி நெனச்சாரு, ஐதரோகுளோரிக்கமிலத்துல மருந்துக்கும் இல்ல, ஆனாலும் பேரு நின்னுட்டுது.

நேத்து அம்மா மலைல இருந்து வந்து கூடைய இறக்கிட்டு கால்ல அட்டை கடிச்ச எடத்த தொடச்சிட்டு இருந்தாங்க, ரத்தம் நிக்கவே இல்ல. அட்டைக்கு கிரேக்கத்துல ப்டெல்லான்னு பேரும்மா, அத வச்சு ஒரு பக்டீரியாவுக்கு ப்டெல்லோவிப்ரியோன்னு வச்சிருக்காங்க, அது மத்த பக்டீரியால ஒட்டி உள்ள எறங்கி அதையே தின்னுரும்னு சொன்னேன். அம்மா நிமிந்து கூட பாக்கல.

"அதுக்கும் சவக்காரம் தடவுனா விட்டுருமா?"