திங்களூருக்குத் திதி பார்த்துப் போவது எப்படி?

நவக்கிரகத் தலங்களில் சந்திரனுக்கு உரிய திங்களூருக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் திங்கட்கிழமையைத்தான் பார்க்கிறார்கள். சந்திரனுக்கு உரிய கிழமை, தவறில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை வளர்பிறைப் பஞ்சமியாகவும் இருக்கலாம், தேய்பிறைச் சதுர்த்தசியாகவும் இருக்கலாம். வளர்வதும் தேய்வதுமே இயல்பான ஒரு தேவதையைத் தரிசிக்கப் போகும்போது, அவர் எந்த நிலையில் இருக்கும் நாளில் போகிறோம் என்று பார்க்காமல் போவது பெரிய குறை. அந்தக் குறையைத் தவிர்க்க ஜோதிடரிடம் போக வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியும் கையிலிருக்கும் ஜாதகமும் போதும்.

முதலில் தலம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போய், அங்கிருந்து கும்பகோணம் சாலையில் கிழக்கே சில கிலோமீட்டர் சென்று, பிரதான சாலையிலிருந்து உள்ளே பிரிந்தால் திங்களூர். தஞ்சையிலிருந்து சுமார் 18 கி.மீ. சுவாமி கைலாசநாதர், அம்பாள் பெரியநாயகி. சந்திரனுக்குத் தனிச் சன்னதி. தட்சனின் 27 பெண்களை மணந்து, ரோகிணியிடம் மட்டும் பிரியம் காட்டியதால் தேய்ந்து போகும்படி சபிக்கப்பட்ட சந்திரன், இங்கே சிவனை வழிபட்டுக் கலைகளைத் திரும்பப் பெற்றார் என்பது தலபுராணம். இங்கு வருகிறவர்கள் எல்லோரும் அறிய வேண்டிய இன்னொரு பெருமை, இது அப்பூதியடிகள் வாழ்ந்த ஊர் என்பது. நேரில் பார்க்காத திருநாவுக்கரசரின் பெயரைத் தண்ணீர்ப்பந்தலுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தவர். வந்த நாவுக்கரசருக்கு விருந்து படைக்க வாழையிலை அரியப் போன மூத்த பிள்ளையை அரவம் தீண்ட, ‘ஒன்றுகொலாம்’ என்று தொடங்கும் விடந்தீர்த்த பதிகம் பாடி அப்பர் எழுப்பினார். அந்தப் பதிகத்தின் முதல் பாட்டிலேயே, இறைவன் சூடும் மதி ஒன்று என்ற செய்தி வருகிறது. சந்திரன் தலத்தில் பாட இதைவிடப் பொருத்தமான பதிகம் இல்லை. பத்துப் பாட்டுகள்தான். அச்செடுத்துக் கொண்டுபோய் அப்பூதியடிகள் குடும்பத்தாரின் திருவுருவங்களுக்கு முன் நின்று பாடுங்கள்.

இனித் திதி. சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு 12 பாகை கூடும்போதும் ஒரு திதி. 360 பாகைக்கு 30 திதிகள். வளர்பிறையில் 15, தேய்பிறையில் 15. சந்திரனின் வேகம் ஒரே சீராக இல்லாததால் ஒரு திதி ஏறக்குறைய 20 மணி நேரத்திலும் முடியலாம், 27 மணி நேரம் வரையும் நீளலாம். ஒரு திதி சூரிய உதயத்தையே தொடாமல் வந்து போவதும், அடுத்தடுத்த இரண்டு உதயங்களைத் தொட்டுக்கொண்டு நிற்பதும் இதனால்தான்.

உங்கள் பிறந்த திதியைக் கண்டுபிடிக்க ஜாதகத்தில் சூரியன், சந்திரன் இருக்கும் பாகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேஷம் 0, ரிஷபம் 30, மிதுனம் 60 என்று ராசிக்கு முப்பதாகக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். சூரியன் கன்னியில் 10 பாகை என்றால் 160. சந்திரன் மகரத்தில் 4 பாகை என்றால் 274. சந்திரனிலிருந்து சூரியனைக் கழித்தால் 114. பன்னிரண்டால் வகுத்தால் 9.5. ஒன்பது திதிகள் முடிந்து பத்தாவது நடக்கிறது. அதாவது வளர்பிறைத் தசமி. கழிக்க முடியாமல் போனால் 360 சேர்த்துக்கொள்ள வேண்டும். சூரியன் தனுசில் 20 (260), சந்திரன் கடகத்தில் 8 (98) என்றால், 98 உடன் 360 சேர்த்து 458. அதில் 260 போக 198. வகுத்தால் 16.5. பதினேழாவது திதி, பதினைந்தைக் கழித்தால் தேய்பிறைத் துவிதியை.

பாகை தெரியாமல் ராசிக் கட்டம் மட்டும் இருந்தால்கூட ஓரளவு சொல்லலாம். ஒரு ராசிக்கு இரண்டரைத் திதி. சூரியன் இருக்கும் வீட்டிலோ அதற்கு முந்தைய வீட்டிலோ சந்திரன் என்றால் அமாவாசை பக்கம். ஏழாம் வீடு என்றால் பௌர்ணமி பக்கம். சூரியனிலிருந்து இரண்டு முதல் ஆறு வரை வளர்பிறை, எட்டு முதல் பன்னிரண்டு வரை தேய்பிறை.

சந்திரனை மனோகாரகன் (மனத்துக்கு உரியவர்), மாத்ருகாரகன் (தாய்க்கு உரியவர்) என்று ஜோதிடம் சொல்கிறது. வளர்பிறைச் சந்திரன் சுபர் (நன்மை தருபவர்), தேய்பிறைச் சந்திரன் பாபர் (தீமை தருபவர்) என்பது எல்லோரும் அறிந்த விதி. அதை அப்படியே வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எடுத்துக்கொண்டு, பௌர்ணமிக்கு மறுநாள் பிறந்த குழந்தைக்குச் சந்திரன் பாபர் என்று பெற்றோரைக் கலங்கவைப்பது சரியல்ல. வானத்தில் அந்தச் சந்திரன் கிட்டத்தட்ட முழு நிலவு. ஜோதிடத்தில் யவனர் முறை எனப்படும் கணக்கு இதைச் சரியாகவே பிரிக்கிறது: வளர்பிறைப் பிரதமை முதல் தசமி வரை மத்திம பலம், வளர்பிறை ஏகாதசி முதல் தேய்பிறைப் பஞ்சமி வரை பூரண பலம், தேய்பிறைச் சஷ்டி முதல் அமாவாசை வரை குறைந்த பலம். தரிசனத்துக்கு நாள் குறிக்க இந்த முறை மிகவும் உதவும்.

தேய்பிறைச் சதுர்த்தசியிலும் அமாவாசையிலும் பிறந்தவர்களுக்குச் சாந்தி செய்யும் வழக்கம் உண்டு. அவர்கள் பயப்படத் தேவையில்லை. மற்ற திதிகளுக்கெல்லாம் சொல்லப்படும் திதி சூன்ய ராசிகள் (அந்தத் திதியில் வலுவிழக்கும் ராசிகள்) அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். சந்திர பலம் குறைந்தவர்கள் திங்களூருக்கு வர மிகச் சிறந்த நாள் மூன்றாம் பிறை மாலை. தேய்ந்து மறைந்தவர் மீண்டும் தலைகாட்டும் நாள் அது. ஈசன் சடையில் இருப்பதும் அந்தப் பிறைதான். பூரண பலம் உள்ளவர்களும், சந்திர தசை (ஜாதகத்தில் சந்திரன் பலன் தரும் காலம்) நல்லபடியாக நடந்து நன்றி சொல்ல வருகிறவர்களும் பௌர்ணமியில் வரலாம். சந்திர தசை 10 ஆண்டுகள். தசை தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை வருவது நல்ல வழக்கம்.

நாட்காட்டியைப் பார்ப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். தேதிக்கு நேராகப் போட்டிருப்பது காலை உதயத்தில் இருக்கும் திதி. அது எப்போது முடிகிறது என்பதைப் பக்கத்தில் பார்க்கவேண்டும். பஞ்சாங்கத்தில் ‘பௌர்ணமி நா. 25.30’ என்று இருந்தால் அது மணி அல்ல, நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். 60 விநாடி ஒரு நாழிகை; இது கடிகார விநாடி அல்ல. நாழிகையை அன்றைய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். ஆகவே 25.30 என்பது இருபத்தைந்தரை நாழிகை, 612 நிமிடம், 10 மணி 12 நிமிடம். அன்று உதயம் 6.10 என்றால் பௌர்ணமி மாலை 4.22-க்கு முடிகிறது. நிலவு எழுவது ஆறேகால் மணியளவில். அதற்குள் தேய்பிறைப் பிரதமை வந்துவிடும். ‘இன்று பௌர்ணமி’ என்று மாலையில் வருகிறவர் பௌர்ணமித் திதியைத் தவறவிட்டிருப்பார். முதல் நாள் மாலையே வந்திருக்கவேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பௌர்ணமித் திதி என்பது இடைவெளி 168 பாகையிலிருந்து 180 வரை. அதாவது சூரியனுக்கு நேரெதிரே சந்திரன் வந்து முழுமை பெறுவது திதி முடியும் கணத்தில். மேலே சொன்ன கணக்கில் கண்ணுக்கு அதிக முழுமையாகத் தெரிவது திதி முடிந்த அன்றைய மாலை நிலவுதான். முதல் நாள் மாலை நிலவுக்கு இன்னும் சுமார் 11 பாகை பாக்கி. ஆனாலும் வழிபாட்டுக்கு இரவில் பௌர்ணமித் திதி இருக்கும் நாளையே கொள்ள வேண்டும். நிறைந்துகொண்டிருக்கும் நிலவை வணங்குகிறோம். நிறைந்து திரும்பிவிட்டதை அல்ல. திருவண்ணாமலை கிரிவலத்துக்குத் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் அறிவிப்பது இந்தத் திதி எல்லையைத்தான்.

பழைய வாய்பாடுகளின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும், வானில் உள்ள நிலைக்கு ஒத்துக் கணிக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடிவில் சில மணி நேரம் வேறுபடலாம். கோயில் பூஜைகளுக்குக் கோயிலில் எந்தப் பஞ்சாங்கமோ அதன்படி நடந்துகொள்ளுங்கள். வானத்தில் பிறை பார்ப்பதற்கு மட்டும் திருக்கணித நேரத்தை நம்புங்கள்.

கிளம்பும் நாள் முடிவானபின் நேரம். திங்கட்கிழமையாக இருந்தால் உதயத்திலிருந்து முதல் ஒரு மணி சந்திர ஓரை, அதாவது சந்திரன் ஆளும் ஒரு மணி நேரம். அடுத்த சந்திர ஓரை பகல் 1 முதல் 2 வரை. அப்போது நடை சாத்தியிருக்கும். அதற்கடுத்தது இரவு 8 முதல் 9. நடை அடைக்கும் அவசரத்தில் நிம்மதியாக நிற்க முடியாது. காலை 7.30-க்கு இராகு காலம் தொடங்குவதால், நடை திறந்தவுடன் உள்ளே இருக்கும்படி வருவதே சரி. முதல் நாள் இரவு திருவையாற்றிலோ தஞ்சையிலோ தங்கினால்தான் இது முடியும். ஒரே நாளில் ஒன்பது கிரகத் தலங்களையும் சுற்றும் வேன்களில் திங்களூர் பெரும்பாலும் முதல் நிறுத்தம். அரை மணியில் கிளப்பிவிடுவார்கள். சந்திரனுக்கென்று வேண்டுதல் இருப்பவர்கள் தனியாக வருவதே நல்லது.

கொண்டுவர வேண்டியவை அதிகமில்லை. சந்திரனுக்கு நிறம் வெண்மை, தானியம் நெல், மலர் வெள்ளல்லி. ஒரு முழ வெள்ளைத் துணியில் ஒரு படி நெல் முடிந்து எடுத்து வரலாம். நெல் கிடைக்காத ஊர்க்காரர்கள் பச்சரிசி. உடைந்த குருணை வேண்டாம், முழு அரிசியாக இருக்கட்டும். அபிஷேகத்துக்குப் பால் ஒரு லிட்டர் போதும். காய்ச்சாத பால் வெயிலில் சீக்கிரம் திரிந்துபோகும் என்பதால் வெளியூரிலிருந்து சுமந்து வராமல் திருவையாற்றில் வாங்குங்கள். அல்லியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அது நிலவோடு விரிந்து வெயிலேறினால் கூம்பும் பூ. வெயிலேறிய பின் கையில் இருப்பது மூடிய மொட்டாகத்தான் இருக்கும்; வாடிவிட்டது என்று சிலர் எறிந்துவிடுகிறார்கள். வாடவில்லை, அதன் இயல்பு அது. முதல் நாள் மாலையே தண்டோடு வாங்கி, ஈரத்துணி சுற்றி, வாளித் தண்ணீரில் நிறுத்திவைத்து, விடியலில் மாலையாகச் சுற்றினால் இதழ் விரிந்தபடியே சன்னதிக்குப் போகும். அல்லி அகப்படாவிட்டால் வெள்ளரளி.

வழிபடும் வரிசை முக்கியம். நேரே சந்திரன் சன்னதிக்கு ஓடி அர்ச்சனை முடித்துக்கொண்டு திரும்புகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். சந்திரனே வந்து வணங்கிய இடம் இது. விநாயகர், கைலாசநாதர், பெரியநாயகி, அதன்பின் சந்திரன். சந்திரனுக்கு அதிதேவதை (அவருக்கு மேலான தெய்வம்) நீர், பிரத்தியதிதேவதை (துணைத் தெய்வம்) கௌரி. ஆகவே அம்பாள் சன்னதியில் நிற்கும் நேரம் சந்திரன் சன்னதியில் நிற்கும் நேரத்தைவிடக் குறையக்கூடாது. அர்ச்சனையில் பெயர், நட்சத்திரம், ராசியோடு பிறந்த திதியையும் மனத்தில் சொல்லிக்கொள்ளுங்கள். மனச்சோர்வு, தூக்கமின்மை என்று வருகிறவர்கள் மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளும் சிகிச்சையை இதற்காக நிறுத்தக் கூடாது.

குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் அன்னப்பிராசனத்துக்கும் இந்தத் தலம் பெயர்பெற்றது. நெல்லுக்கு உரியவர் முன் முதல் அன்னம். ஆண் குழந்தைக்கு 6, 8 போன்ற இரட்டைப்படை மாதம், பெண் குழந்தைக்கு 5, 7 என ஒற்றைப்படை மாதம். வளர்பிறையில், சதுர்த்தி, நவமி, சதுர்த்தசி ஆகிய ரிக்தைத் திதிகளை விலக்கி நாள் பாருங்கள். சோறு பால் விட்டுக் குழையக் குழைய மசித்திருக்க வேண்டும். விரல் நுனி அளவு போதும்.

பங்குனி உத்திரத்தை ஒட்டிக் காலையில் சூரியக் கதிரும் மாலையில் நிலவொளியும் கைலாசநாதர் மேல் படுவதாகப் போற்றுகிறார்கள். ஏன் பங்குனி என்று யோசித்தால் முன்னோர் கணக்கின் அழகு புரியும். பங்குனியில் சூரியன் மீனத்தில். பௌர்ணமிச் சந்திரன் எதிரே கன்னியில், பெரும்பாலும் உத்திரத்திலோ சந்திரனுக்கே உரிய அஸ்தத்திலோ நிற்பார். இரவும் பகலும் சமமாகும் மார்ச் 20 அல்லது 21-ஐ ஒட்டிய பௌர்ணமி என்பதால் காலைச் சூரியனும் மாலை நிலவும் கிட்டத்தட்ட ஒரே நேர்கிழக்கில் எழுகின்றன. மார்கழியில் இது நடக்காது. சூரியன் தென்கிழக்கே எழ, பௌர்ணமி நிலவு வடகிழக்கே எழும்; ஒரே வாசல் வழியே இரண்டு ஒளியும் நுழைய முடியாது. ஐப்பசிப் பௌர்ணமியில் சிவாலயங்களில் அன்னாபிஷேகம். சந்திரனின் தானியத்தால் ஈசனை மூடும் அந்த நாளிலும் இங்கே வரலாம், கூட்டம் இருக்கும்.

மூன்றாம் பிறைக்கு வருகிறவர்கள் மாலை ஐந்து மணிக்குள் தரிசனத்தை முடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திதிக்கும் நிலவு அஸ்தமிக்கும் நேரம் சுமார் 48 நிமிடம் தள்ளிப்போகிறது. துவிதியைப் பிறை சூரியன் மறைந்து சுமார் ஒரு மணி நேரத்தில் மங்கிவிடும். திரிதியைப் பிறை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்கும். சூரியன் மறைந்த உடனே தேடினால் கிடைக்காது. அரை மணி பொறுத்து, சூரியன் இறங்கிய இடத்துக்குச் சற்று மேலே கண்ணை ஓட்டவேண்டும். ஊரைச் சுற்றி வாழைத்தோப்பும் தென்னையும் அடிவானத்தை மறைப்பதால் கோயில் வாசலில் நின்று தேடுவது வீண். பிரதான சாலைக்கு வந்து திருவையாறு நோக்கித் திரும்பினால் முகம் மேற்கே. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அறுவடையான வயல் ஏதாவது தெரியும் இடத்தில் நில்லுங்கள். வெள்ளிக் கம்பியை வளைத்து வைத்ததுபோல் தெரியும். கையில் மிஞ்சிய நெல்லில் ஒரு பிடியை அப்போது வயல் வரப்பில் பறவைகளுக்கு இறைத்துவிட்டுப் புறப்படலாம்.