ரெண்டு டிராக்டர் மண்

வேப்பனப்பள்ளியில் மாமனாருக்கு ஏரிக்குக் கீழே முக்கால் ஏக்கர் நெல் வயல். ஒரு மூலை பள்ளமாக இருந்ததால் மச்சான் ரெண்டு டிராக்டர் மண் வாங்கிக் கொட்டி நிரவிவிட்டார். மாவு மாதிரி நைசான சாம்பல் மண். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் டிராக்டர்காரர் மழுப்புகிறார். கர்நாடக எல்லையைத் தாண்டினால் கோலார் தங்கவயல். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகும் அரைத்துக் கழித்த மண் அங்கே குன்று குன்றாகக் கிடக்கிறது. தங்கம் இருக்கும் பாறையில் ஆர்சனிக் என்ற நச்சுப் பொருளும் இருப்பதுண்டு. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதலில் வேளாண்மைத் துறை மண் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மண்வள அட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம் என்று 12 விவரங்கள். ஆர்சனிக், ஈயம், காட்மியம் எதுவும் இல்லை. அந்த அட்டையே உரப் பரிந்துரைக்கானது. அது தெரியாமல் ஒரு மாதம் வீண்.

அப்புறம் பெங்களூரில் ஒரு தனியார் ஆய்வகம். ஒவ்வொரு உலோகத்துக்கும் தனிக் கட்டணம்.

மண் எடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரும்பு மண்வெட்டியால் குழி வெட்டலாம், ஆனால் அது பட்ட மண்ணை மரக்குச்சியால் சுரண்டித் தள்ளிவிட்டு, 15 செ.மீ. ஆழம் வரை பிளாஸ்டிக் கரண்டியால் எடுக்க வேண்டும். பத்து இடத்து மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கினோம். நிரவிய மூலைக்கு ஒரு பை, பழைய வயலுக்கு ஒரு பை. "எல்லாத்தையும் ஒண்ணா கலந்துடலாமே மாமா, காசு மிச்சம்" என்றார் மச்சான். கலந்திருந்தால் மூலையின் கோளாறு சராசரியில் மறைந்திருக்கும்.

மூலையில் ஆர்சனிக் பழைய வயலைப் போல மூன்று மடங்கு. சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும் என்று ஊரில் சொன்னார்கள். ஈயம், காட்மியத்துக்கு அது உதவும். ஆர்சனிக்கோ, சுண்ணாம்பால் மண்ணின் காரத்தன்மை கூடினால் இன்னும் இளகி நீரில் கலந்துவிடும். தண்ணீர் கட்டினாலும் அப்படியே, அதை நெற்பயிர் உறிஞ்சி அரிசி வரை கொண்டுபோகும். போயும் போயும் நெல் வயலில் கொட்டியிருக்கிறோம்!

கொட்டிய மண்ணை வழித்தெடுத்தோம். மூலை மறுபடி பள்ளம்தான். இந்தப் போகம் வயல் முழுக்க ராகி. வழித்த மண் களத்தோரம் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று மூன்று அலுவலகங்களில் கேட்டாகிவிட்டது, பதில் வரவில்லை. மழைக்கு முன் பாயை மட்டும் மாற்ற வேண்டும், ஓரம் கிழிந்திருக்கிறது.